அறிக்கைக்கும் வாழ்வுக்கும் இடையே: தென்னாப்பிரிக்கத் திருச்சபையும் இன ஒதுக்கல் எதிர்ப்பும்

1957ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தென்னாப்பிரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் பிரிட்டோரியா நகரில் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டனர். அந்நாட்டு அரசு ஒன்பது ஆண்டுகளாகச் சட்டத்தின்மேல் சட்டம் இயற்றி நிலைநாட்டி வந்த இன ஒதுக்கல் கொள்கை தன் இயல்பிலேயே தீயது என்று அவ்வறிக்கை தீர்ப்புரைத்தது. வெள்ளை இனத்தவர் தம்மைக் கடவுளின் முகவராகக் கருதிக்கொண்டு மற்ற மக்களின் வளர்ச்சிக்கு எல்லைக்கோடு கிழிப்பது தேவநிந்தனை என்றும் கூறிற்று. அந்நாளில் அந்த மண்ணில் அப்படிப் பேசுவது எளிதன்று.

இப்பகுதியே இன்றும் பெரிதும் எடுத்துக்காட்டப்படுகிறது. அதே அறிக்கையின் பிற்பகுதியை நாம் அவ்வளவாக நினைவுகூர்வதில்லை. அரசைக் கண்டித்து முடித்த ஆயர்கள், அங்கே தம் சொந்த வீட்டின் பக்கம் திரும்பினார்கள். ஆலயங்களில் பிரிவினைக்கு அதிகாரப்பூர்வ இடமில்லை. ஆயினும் பக்த சபைகளிலும், பள்ளிகளிலும், குருமடங்களிலும், கன்னியர் மடங்களிலும், மருத்துவமனைகளிலும் அது நடைமுறையில் இருந்தே வருகிறது என்று ஒப்புக்கொண்டார்கள். கிறிஸ்துவின் போதனையை ஏற்றவர்கள் இதனை முடிவின்றிச் சகித்துக்கொண்டிருக்க இயலாது என்றார்கள்.

சகிக்க இயலாது என்று அவர்கள் எழுதிய அந்நிலை ஏறத்தாழ இன்னும் இருபது ஆண்டுகள் சகிக்கப்பட்டது. அந்த இருபது ஆண்டுகளின் வரலாறு ஆயர் பேரவையின் ஏடுகளுக்குள் மட்டும் இல்லை. நாடெங்கும் சிறைகளிலும், சுரங்கங்களிலும், பள்ளிக்கூட வாயில்களிலும் எழுந்த எதிர்ப்பின் வரலாற்றோடு அது பின்னிக் கிடக்கிறது.

1948 மே மாதத் தேர்தலில் தேசியக் கட்சி ஆட்சியைப் பிடித்தது. வாக்குரிமை பெரும்பாலும் வெள்ளையருக்கே உரியதாக இருந்த தேர்தல் அது. பிரதமரான டி. எஃப். மலான் சீர்திருத்த சபை ஒன்றின் முன்னாள் போதகர் என்பதை இங்கே குறிக்க வேண்டும். இந்த ஆட்சி நாத்திகரின் ஆட்சியாக இருந்ததில்லை. வேற்றின மணத் தடைச் சட்டம் 1949இல் வந்தது. ஒவ்வொரு குடிமகனையும் இன வாரியாகப் பதிவு செய்யும் சட்டமும், இன்ன இனத்தார் இன்ன பகுதியில்தான் குடியிருக்கலாம் என்னும் சட்டமும் 1950இல் வந்தன. ஆப்பிரிக்கர் நகரங்களில் நடமாட அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்னும் பழைய கட்டுப்பாடு மேலும் இறுக்கப்பட்டது. நாட்டின் நிலத்தில் பெரும்பகுதி வெள்ளையருக்கே என்பதை 1913ஆம் ஆண்டுச் சட்டம் முன்பே உறுதி செய்திருந்தது.

கத்தோலிக்கர் அங்கே சிறுபான்மையினர். ஆட்சியாளருள் பலர் கால்வினிய மரபினர். 'கறுப்பு ஆபத்து', 'சிவப்பு ஆபத்து' என்பவற்றோடு சேர்த்து 'உரோமை ஆபத்து' என்றும் பேசும் வழக்கம் அவர்களிடையே இருந்தது. குருக்களிலும் துறவியரிலும் மிகப் பலர் அயர்லாந்து, ஜெர்மனி முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். ஓர் அரசாணை அவர்களை நாடு கடத்திவிடலாம். ஆயர்கள் ஏறத்தாழ அனைவரும் வெள்ளையர். இறைமக்களிலோ பெரும்பான்மையோர் கறுப்பின மக்கள். இந்த அமைப்பை மனத்தில் கொண்டால்தான், 1952இல் ஆயர்கள் வெளியிட்ட முதல் கூட்டறிக்கை ஏன் அத்தனை தயங்கியது என்பது விளங்கும். நிறத்தின் பெயரால் மனித மாண்பைப் பறிப்பது தவறு என்று அது கூறியது. அதே மூச்சில், வெள்ளையர் அல்லாதோர் பெரும்பாலோர் முழு அரசியல் உரிமைக்கு இன்னும் பக்குவப்படவில்லை என்றும், படிப்படியான மாற்றமே தகும் என்றும் கூறியது.

பக்குவப்படவில்லை என்று சொல்லப்பட்ட மக்கள் அதே 1952இல் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? ஜூன் 26 அன்று ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸும் தென்னாப்பிரிக்க இந்தியர் காங்கிரஸும் இணைந்து சட்ட மீறல் இயக்கத்தைத் தொடங்கின. 'ஐரோப்பியருக்கு மட்டும்' என்று எழுதப்பட்ட வாயில்கள் வழியே நுழைந்தும், அனுமதிச் சீட்டின்றி நடந்தும், ஊரடங்கு நேரத்தில் வீதிக்கு வந்தும் 8,000க்கு மேற்பட்டோர் கைதானார்கள். அடி வாங்கினாலும் திருப்பி அடிப்பதில்லை என்பது ஒழுங்கு.

இந்தப் போர்முறைக்கு அம்மண்ணில் ஒரு மூதாதை உண்டு; அதில் தமிழ் இரத்தம் கலந்திருக்கிறது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து சென்ற 'டிரூரோ' கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளை டர்பன் துறையில் இறக்கியது. கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற அம்மக்களிடையே கிறிஸ்தவரும் இருந்தனர். அந்த வழித்தோன்றல்களும் பின்வந்த வணிகரும் 1913இல் காந்தியடிகளின் தலைமையில் நடத்திய போராட்டத்தில், தில்லையாடிப் பெற்றோருக்கு ஜோகன்னஸ்பர்க் நகரில் பிறந்த வள்ளியம்மை சிறை சென்றாள். சிறையில் பற்றிய காய்ச்சலால் விடுதலையான சில நாட்களிலேயே, 1914 பிப்ரவரி 22 அன்று, பதினாறு வயதில் இறந்தாள். இதனை நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அக்கதை அங்கே முடிந்துவிடவில்லை என்பதைத்தான் பலர் அறிவதில்லை. இந்தியர் நிலம் வாங்குவதைத் தடுத்த சட்டத்தை எதிர்த்து 1946 முதல் 1948 வரை நடந்த போராட்டத்தில் சுமார் 2,000 பேர் சிறை புகுந்தார்கள். அதை நடத்திய தலைவர்களில் ஒருவர் டர்பன் மருத்துவர் மான்டி நாயக்கர். அவரும், டிரான்ஸ்வால் இந்தியர் தலைவர் மருத்துவர் யூசுஃப் தாதூவும், ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் தலைவர் மருத்துவர் சூமாவும் 1947 மார்ச்சில் செய்துகொண்ட உடன்பாடு, அதுவரை தனித்தனியே நடந்த இரு மக்களின் போராட்டத்தை ஒரே பாதையில் திருப்பிற்று. 'மருத்துவர் மூவர் உடன்பாடு' என்று வரலாறு அதனை அழைக்கிறது.

1952இன் இயக்கத்தைப் புகழ்ந்து பேசும்போது ஒரு நாளை மறைத்துவிடக் கூடாது. நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை. ஈஸ்ட் லண்டன் துறைமுக நகரில் டங்கன் வில்லேஜ் என்னும் கறுப்பர் குடியிருப்பில் திரண்டிருந்த கூட்டத்தின்மேல் காவலர் சுட்டனர். மாண்டவர் தொகையை அரசு ஒற்றை இலக்கத்தில் காட்டிற்று. மக்கள் நினைவில் அது பன்மடங்கு. சினத்தில் கொதித்த கூட்டத்தின் நடுவே, அக்குடியிருப்பில் மருத்துவம் செய்து வந்த அயர்லாந்து நாட்டுத் தோமினிக்கன் அருட்சகோதரி எய்டன் குவின்லன் தம் மோட்டார் வண்டியில் அகப்பட்டுக்கொண்டார். அந்த மக்களுக்காகவே உழைத்த அவர் அங்கேயே கொல்லப்பட்டார். அரசின் குண்டுகளும் உண்மை; அருட்சகோதரியின் இரத்தமும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பவர்கள் இரு தரப்பிலும் உண்டு.

அடுத்து வந்தது கல்விச் சோதனை. ஆயர்களின் தயக்கத்திற்கும் துணிவுக்கும் சான்று ஒருங்கே கிடைக்கும் இடம் இதுவே என்பதால் சற்று நின்று பார்ப்போம்.

அதுநாள்வரை ஆப்பிரிக்கப் பிள்ளைகளில் பள்ளி சென்றவர்கள் பெரும்பாலும் மறைப்பணிப் பள்ளிகளிலேயே படித்தார்கள். ஆசிரியர் ஊதியத்திற்கு அரசு மானியம் தந்தது. 1953இல் இயற்றப்பட்ட 'பாண்டு கல்விச் சட்டம்' அப்பள்ளிகளை அரசின் ஆளுகைக்குள் கொணர முனைந்தது. சட்டத்தின் சிற்பி அந்நாள் அமைச்சர் வெர்வூர்ட் தம் நோக்கத்தை ஒளிக்கவில்லை. வெள்ளையர் சமுதாயத்தில் சிலவகை உடலுழைப்புக்கு மேல் ஆப்பிரிக்கனுக்கு இடமில்லை. ஆகவே அதற்கு மேற்பட்ட கல்வி அவனுக்கு எதற்கு என்பதே அவருடைய வாதம். திருச்சபைகளின் முன் வைக்கப்பட்டவை இரண்டே வழிகள்: பள்ளியை அரசிடம் ஒப்படைக்கலாம், அல்லது மானியம் ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்து அற்றுப்போக, தம் செலவில் நடத்திக்கொள்ளலாம். ஒப்படைக்கவும் மாட்டேன், இச்சட்டத்தின் கீழ் நடத்தவும் மாட்டேன் என்று பள்ளிகளையே மூடினார் ஜோகன்னஸ்பர்க் ஆங்கிலிக்கன் ஆயர் அம்புரோஸ் ரீவ்ஸ். மற்றச் சபைகளில் பல ஒப்படைத்தன.

கத்தோலிக்க ஆயர்கள் மானியமின்றி நடத்துவது என்று துணிந்தார்கள். நாடெங்கும் பெரும் நிதி திரட்டப்பட்டது. ஏழைப் பங்குகளும் கொடுத்தன. ஆசிரியர்கள் குறைந்த ஊதியத்திற்கு உழைக்க இசைந்தார்கள். துறவற சபைகள் தம் சகோதரிகளை ஊதியமின்றி அனுப்பின. இவ்வளவும் தியாகமே, ஐயமில்லை. ஆயினும் இந்தப் பள்ளிகளுக்கும் அரசின் பதிவு வேண்டும், அரசின் பாடத்திட்டம் வேண்டும். பள்ளிகளைக் காப்பாற்ற வேண்டும் என்னும் கவலை, சட்டத்தின் வேரையே எதிர்த்துக் குரல் எழுப்பாதபடி ஆயர்களின் வாயைக் கட்டியது என்பது வரலாற்றாசிரியர்களின் குறைகூறல். அதில் உண்மை இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. பிள்ளைகளைத் தெருவில் விட்டு நெறியைக் காப்பதா, நெறியில் வளைந்து பிள்ளைகளைக் காப்பதா? ரீவ்ஸ் ஒரு விடை சொன்னார். கத்தோலிக்கர் மற்றொன்று சொன்னார்கள். பின்னாளில் பணமின்றிக் கத்தோலிக்கப் பள்ளிகள் பல மூடப்பட்டன. எனினும் எஞ்சிய சிலவற்றிலிருந்துதான் இந்த ஆட்சியை அசைத்தவர்கள் சிலர் வந்தார்கள்.

பள்ளிச் செலவுக்கு உண்டியல் குலுங்கிய அந்த ஆண்டுகளில்தான், 1955 ஜூனில், கிளிப்டவுன் திடலில் ஏறத்தாழ 3,000 பிரதிநிதிகள் கூடிச் 'சுதந்திர சாசனத்தை' ஏற்றார்கள். 1956 ஆகஸ்ட் 9 அன்று சுமார் 20,000 பெண்கள், அனுமதிச் சீட்டுமுறையைத் தங்கள்மேலும் திணிப்பதை எதிர்த்துப் பிரிட்டோரியா அரசு மாளிகை முன் அமைதியாகத் திரண்டு நின்றார்கள். அவ்வாண்டு டிசம்பரில் 156 பேர்மீது தேசத்துரோக வழக்குத் தொடுக்கப்பட்டது. ஐந்தாவது ஆண்டில் வழக்கு நிற்காமல் வீழ்ந்தது. 1957 தொடக்கத்தில் அரசு ஆலய வாயிலுக்கே வந்தது. வெள்ளையர் பகுதியில் உள்ள ஆலயங்களுக்கு ஆப்பிரிக்கர் வருவதைத் தடுக்க அமைச்சருக்கு அதிகாரம் அளிக்கும் சட்டப் பிரிவு கொண்டுவரப்பட்டது. இதற்குக் கீழ்ப்படிய இயலாது என்னும் கடிதத்தில் கேப் டவுன் ஆங்கிலிக்கன் பேராயர் ஜெஃப்ரி கிளேட்டன் திருநீற்றுப் புதனன்று ஒப்பமிட்டார். மறுநாள் மாரடைப்பால் மாண்டார். அதே ஆண்டு ஜூலையில் வந்ததே நாம் முதலில் கண்ட கத்தோலிக்க ஆயர்களின் அறிக்கை. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு 'பக்குவம்' பற்றிப் பேசியவர்களைத் 'தீமை' என்று பேச வைத்தது எது என்பதை இந்நிகழ்ச்சிகளின் வரிசையே சொல்லும்.

அவர்களுக்குத் தலைவராக இருந்தவர் டர்பன் பேராயர் டெனிஸ் ஹர்லி. அயர்லாந்துப் பெற்றோருக்குக் கேப் டவுனில் 1915இல் பிறந்தவர். தந்தை கலங்கரை விளக்கக் காவலர். ஆகவே சிறுவனாகச் சில ஆண்டுகள் ராபன் தீவில் வளர்ந்தார். பின்னாளில் நெல்சன் மண்டேலா சிறையிருந்த அதே தீவு. அமலமரித் தியாகிகள் சபையில் சேர்ந்து உரோமையில் பயின்றபோது, திருத்தந்தையரின் சமூகப் போதனைகள் அவர் சிந்தனையைத் திருப்பின. முப்பத்தொன்றாம் வயதில் ஆயரானார்.

1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில் காவல் நிலையத்தின் முன் அனுமதிச் சீட்டை எதிர்த்துக் கூடியவர்கள்மேல் காவலர் சுட்டதில் 69 பேர் இறந்தனர். பலர் முதுகில் சுடப்பட்டிருந்தனர். இரு வாரங்களுக்குப் பின் விடுதலை இயக்கங்கள் தடை செய்யப்பட்டன. தலைவர்களில் ஒரு பகுதியினர் 1961 இறுதியில் ஆயுதப் பாதையை ஏற்றனர். மண்டேலா உள்ளிட்டோருக்கு 1964இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அதன்பின் சில ஆண்டுகள் நாட்டின்மேல் கனத்த மௌனம் கவிந்தது. அந்த மௌனத்திலும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் பெயர் கேட்டுக்கொண்டிருந்தது: காந்தியடிகளின் வலக்கரமாக இருந்த தம்பி நாயுடுவின் குடும்பம். பேரன் இந்திரஸ் 1963இல் பிடிபட்டுப் பத்தாண்டுகள் ராபன் தீவில் கழித்தார். பேத்தி சாந்தி 1969இல் தனிச்சிறையில் அடைக்கப்பட்டார்; வின்னி மண்டேலா முதலானோருக்கு எதிராகச் சாட்சி சொல்லுமாறு நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டபோது மறுத்துவிட்டார். அந்த மறுப்புக்கும் தனியே தண்டனை கிடைத்தது.

திருச்சபைக்குள் மௌனத்தைக் கலைத்தவர்கள் மூன்று தரப்பினர்.

முதலாவது, ஒரு சிற்றூர்ப் பங்கின் மக்களும் அவர்களுடைய குருவும். வட நேட்டாலில் மரியா ராட்சிட்ஸ் என்னும் மறைப்பணி நிலையம். அது 'வெள்ளையர் பகுதி'யில் அமைந்த 'கறுப்புப் புள்ளி' என்று அரசு முடிவு செய்தது. 1968 ஜனவரி இறுதியில் அம்மக்கள் மூட்டை முடிச்சுகளோடு லாரிகளில் ஏற்றப்பட்டு, லைம்ஹில் என்னும் வெட்டவெளியில் கொட்டப்பட்டார்கள். வீடில்லை, கொடுக்கப்பட்டவை கூடாரங்கள். தொடர்ந்து வந்த மாதங்களில் வயிற்றுப்போக்கும் நச்சுக்காய்ச்சலும் பிள்ளைகளைக் கொண்டுபோயின. பங்குக் குரு காஸ்மாஸ் டெஸ்மண்ட், பிரான்சிஸ்கன் சபையினர். தம் பங்குக்கு நேர்ந்தது வேறு எங்கெங்கு நேர்ந்தது என்று கேட்டுக்கொண்டு நாடு முழுதும் பயணம் செய்தார். இவ்வாறு பெயர்த்தெறியப்பட்ட குடியிருப்புகளைக் கண்ணாரக் கண்டு, 'எறியப்பட்ட மக்கள்' என்னும் பொருள்படும் தலைப்பில் நூலாக எழுதினார். 1971இல் வீட்டுக்காவல் அவருக்குப் பரிசாகக் கிடைத்தது. நகர்ப்புற வெள்ளையர் அதுவரை காணாத ஒன்றை அந்நூல் அவர்கள் மேசையில் வைத்தது.

இரண்டாவது, கறுப்பினக் குருக்கள். 1970 ஜனவரி 23 அன்று ஜோகன்னஸ்பர்க் நாளேடு ஒன்றில் ஐந்து குருக்கள் கையொப்பமிட்ட விண்ணப்பம் வெளிவந்தது: டேவிட் மோயட்டபெலே, ஆன்டனி மபோனா, ஜான் லூஃபாந்த், கிளெமெண்ட் மொகோகா, ஸ்மாங்கலிசோ முக்காட்ச்வா. எங்கள் திருச்சபை எங்களைக் கைவிட்டுவிட்டது என்பதே அதன் சாரம். அரசின் கொள்கையைத் தீமை என்று அறிக்கை விடும் திருச்சபை, தன் குருமடங்களை நிறவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறது. கறுப்பினக் குருவுக்குப் பீடச் சிறுவனுக்கு உள்ள மதிப்புக்குமேல் தருவதில்லை. பொறுப்பான பதவிகள் வெள்ளையருக்கே என்றார்கள். புதிதாக அவர்கள் எதையும் சொல்லிவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1957 அறிக்கையின் பிற்பகுதியைத்தான் அவர்கள் ஆயர்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, வீட்டுக்குள் பேசிப் பயனின்றி, நாளேட்டின் வாயிலாக. இது ஒழுங்கு மீறல் என்று புண்பட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் அப்போது தொடங்கிய வாதம் அடங்கவில்லை. கறுப்பினக் குருமாணவர் பயின்ற ஹம்மன்ஸ்கிரால் புனித பேதுரு குருமடம் புதிய சிந்தனைக்கு உலைக்களமாயிற்று.

அச்சிந்தனையின் தலைமகன் ஸ்டீவ் பைக்கோ கத்தோலிக்கர் அல்லர். ஆயினும் அவர் உயர்நிலைக் கல்வி பெற்றது டர்பனுக்கு அருகே மாரியன்ஹில் மறைப்பணி நிலையத்தின் புனித பிரான்சிஸ் கல்லூரியில். மானியம் இழந்தும் மூடாது காத்த பள்ளிகளுள் ஒன்று அது. ஒடுக்குவோன் கையில் உள்ள வலிமைமிக்க கருவி ஒடுக்கப்பட்டவனுடைய மனமே என்று அவர் கண்டார். தன்னைத் தாழ்ந்தவன் என்று தானே நம்புவதை முதலில் ஒழிக்க வேண்டும் என்றார். அவருடைய கறுப்பர் விழிப்புணர்வு இயக்கம், ஆப்பிரிக்கர், இந்தியர், கலப்பினத்தார் அனைவரையும் 'கறுப்பர்' என்னும் ஒரே சொல்லில் சேர்த்தது. 1977 செப்டம்பர் 12 அன்று காவலில் தலையில் அடிபட்டு, நிர்வாணமாக வண்டியில் ஏற்றி நூற்றுக்கணக்கான கல் தொலைவு கொண்டு செல்லப்பட்ட பின் இறந்தார். வயது முப்பது.

மூன்றாவது தரப்பினர் துறவறச் சகோதரிகள். 1976ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவர்கள் தங்கள் வெள்ளையர் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகள் சிலரைச் சேர்த்தார்கள். சட்டப்படி அது குற்றம். பள்ளிகளின் பதிவை நீக்குவோம் என்று அரசு மிரட்டியது. வெள்ளையப் பெற்றோர் சிலர் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனார்கள். சகோதரிகள் பின்வாங்கவில்லை. சேர்க்கப்பட்ட பிள்ளைகள் மிகச் சிலரே. ஆயினும் ஆயர்கள் எழுதியதைச் சகோதரிகள் செய்தார்கள். ஆயர் பேரவை பின்னர் அவர்களைத் தொடர்ந்தது. அமைதியாக நடந்த இச்செயலுக்கு வரலாற்று நூல்கள் போதிய இடம் தருவதில்லை.

அதே ஆண்டு ஜூன் 16. பாதிப் பாடங்களை ஆப்பிரிக்கான்ஸ் மொழியிலேயே படிக்க வேண்டும் என்னும் ஆணையை எதிர்த்துச் சொவேட்டோ நகரியத்தின் மாணவர்கள் ஊர்வலம் சென்றார்கள். காவலர் சுட்டனர். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஹெக்டர் பீட்டர்சனின் உடலை இன்னொரு மாணவன் ஏந்தி ஓடும் படம் உலகெங்கும் சென்றது. கிளர்ச்சி நாடெங்கும் பரவியது; அரசு அமைத்த விசாரணைக் குழுவே இறந்தோர் 575 பேர் என்று கணக்கிட்டது. அன்று ஓடிய பிள்ளைகளில் பலர் ரெஜினா முண்டி கத்தோலிக்க ஆலயத்துக்குள் தஞ்சம் புகுந்தார்கள். காவலர் உள்ளேயும் வந்து சுட்டார்கள். கூரையில் குண்டுத் துளைகள் இருக்கின்றன. பலிபீடத்தின் பளிங்கு விளிம்பு உடைந்து கிடக்கிறது. கூட்டங்கள் தடை செய்யப்பட்ட காலத்தில் அடக்கச் சடங்குகளும் இரங்கல் வழிபாடுகளும் மட்டுமே கூட இடமளித்தன. அவ்வாலயம் சொவேட்டோவின் மக்கள் மன்றமாகவே ஆயிற்று. 1977 பிப்ரவரியில் ஆயர்கள், திருச்சபையின் உள்வாழ்விலிருந்து இனப் பாகுபாட்டை அகற்ற உறுதிபூண்டு, பள்ளிகள், குருமடங்கள், பதவிகள் பற்றிய திட்டத்தை வெளியிட்டார்கள். 1957இலிருந்து எண்ணினால் இருபது ஆண்டுகள்.

அதன்பின் வந்த ஆண்டுகளில் திருச்சபையின் மொழி மாறியது, விலையும் ஏறியது. டர்பனில் 1973இல் செங்கல் சூளை ஒன்றில் தொடங்கிய வேலைநிறுத்தம் தொழிற்சங்கங்களுக்கு உயிர் தந்திருந்தது. 'காண், தீர்ப்பிடு, செயல்படு' என்று இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தில் பயிற்சி பெற்ற இளைஞர் சிலர் சங்கப் பணியில் இறங்கினர். நம் நாட்டிலும் அவ்வியக்கத்தில் இருந்தவர்கள் இம்மூன்று சொற்களை மறந்திருக்க மாட்டார்கள். 1985இல் சங்கங்கள் ஒன்றிணைந்து பேரமைப்பானபோது அதன் முதல் பொதுச் செயலாளர் ஆனவர், ஒப்பந்தக் கூலிகளின் வழியில் வந்த ஜே நாயுடு. இதற்கிடையே 1983 ஆகஸ்டில், இந்தியருக்கும் கலப்பினத்தாருக்கும் தனி அவைகள் தந்து ஆப்பிரிக்கரை விலக்கிய புதிய அரசமைப்பை எதிர்த்து, கேப் டவுனுக்கு அருகே ஐக்கிய ஜனநாயக முன்னணி பிறந்தது. பங்குக் குழுக்கள் முதல் மாணவர் சங்கங்கள் வரை நூற்றுக்கணக்கான அமைப்புகள் அதில் இணைந்தன. இந்திய வாக்காளரில் மிகப் பெரும்பான்மையோர் தமக்குத் தரப்பட்ட அவையின் தேர்தலையே புறக்கணித்தார்கள்.

அதே 1983இல், தோமினிக்கன் சபையின் உலகத் தலைமை அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் ஆல்பர்ட் நோலன். என் இடம் தென்னாப்பிரிக்காவே என்று அப்பதவியை மறுத்துத் திரும்பினார். 1985 செப்டம்பரில் வெளிவந்த 'கைரோஸ்' ஆவணத்தை உருவாக்கியவர்களுள் அவரும் ஒருவர். அநீதியைத் தூக்கி எறியாமல் சமாதானம் பேசும் சபைகளின் இறையியல் போலியானது என்று அது வாதிட்டது. சில ஆயர்களுக்கும் இது கடுமையாகப் பட்டது. பேராயர் ஹர்லி, நமீபியாவில் காவற்படையினர் செய்த கொடுமைகளை வெளிப்படுத்தியதற்காக வழக்கில் நிறுத்தப்பட்டார்; 1985 பிப்ரவரியில் அரசே வழக்கைக் கைவிட்டது. ஆயர் பேரவை 1986இல் 'நியூ நேஷன்' என்னும் செய்தித்தாளைத் தொடங்கியது. அதன் ஆசிரியர் ஸ்வெலாக்கே சிசுலு விசாரணையின்றி ஏறத்தாழ ஈராண்டு அடைபட்டார். அருட்சகோதரி பெர்னார்டு நிக்கூபே, டிரான்ஸ்வால் பெண்கள் கூட்டமைப்பின் தலைவி, பதினாறு திங்கள் அளவு காவலில் இருந்தார். பேரவையின் பொதுச் செயலாளர், 1970இல் கையொப்பமிட்ட அதே முக்காட்ச்வா அடிகளார், 1986இல் கண்கட்டப்பட்டு, கைவிலங்கோடு ஒரு நாளுக்கும் மேலாக நிற்க வைத்து வதைக்கப்பட்டார்.

1988 பிப்ரவரி 29 அன்று கேப் டவுனில், அமைப்புகள் பலவற்றை அரசு முடக்கியதை எதிர்த்துத் திருச்சபைத் தலைவர்கள் கைகோத்து நாடாளுமன்றத்தை நோக்கி நடந்தார்கள். தடுக்கப்பட்டபோது தெருவில் முழந்தாளிட்டார்கள். கைதானவர்களில் ஆங்கிலிக்கன் பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவோடு கேப் டவுன் கத்தோலிக்கப் பேராயர் ஸ்டீபன் நாயுடுவும் இருந்தார். உலக இரட்சகர் சபையினர். 1937இல் டர்பனில் இந்தியக் குடும்பத்தில் பிறந்தவர். 'டிரூரோ' கப்பல் வந்து இறங்கிய அதே டர்பன். அடுத்த ஆண்டு ஜூலையில், ஐம்பத்திரண்டு வயதுகூட நிரம்பாமல், இறந்துபோனார். விடுதலையைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இத்தனைக்கும் நடுவே, ஆயர்கள் அரசியல் பேசுகிறார்கள் என்று முறையிட்ட கத்தோலிக்கர் இருந்தார்கள்; எதிர்ப்பதற்கென்றே அமைப்பும் கண்டார்கள். ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கியவர்கள் ஒரு மறையுரையைக் கேட்டு இருவேறு கோபத்தோடு வீடு திரும்பினார்கள். 1988 அக்டோபர் 12 அதிகாலையில் பிரிட்டோரியாவில் ஆயர் பேரவையின் தலைமையகமான 'கான்யா' இல்லம் தீக்கிரையாயிற்று. உள்ளே உறங்கியவர்கள் உயிர் தப்பினார்கள். தீ வைத்தவர்கள் யார் என்பது அப்போதே ஊகிக்கப்பட்டது. பிற்பாடு உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முன் பாதுகாப்புக் காவல்துறையினரே ஒப்புக்கொண்டார்கள்.

1990 பிப்ரவரியில் தடைகள் நீங்கின. மண்டேலா வெளியே வந்தார். 1994 ஏப்ரலில் எல்லாரும் வாக்களித்தார்கள். 1997 நவம்பரில் அந்த ஆணையம் சமயங்களின் சாட்சியத்தைக் கேட்க மூன்று நாள் அமர்ந்தது. அமர்ந்த இடம் ஈஸ்ட் லண்டன், அருட்சகோதரி எய்டன் மாண்ட நகரம். அங்கே கத்தோலிக்கத் திருச்சபை தன் சாட்சியத்தில், தான் செய்தவற்றைவிடச் செய்யாமல் விட்டவையே தன் பெரும் பாவமாக இருக்கக்கூடும் என்று அறிக்கையிட்டது. அருட்சகோதரி நிக்கூபே அப்போது நாடாளுமன்ற உறுப்பினர். முக்காட்ச்வா அடிகளார், வெர்வூர்டின் கல்விமுறை விட்டுச்சென்றதைச் சீர்செய்ய வேண்டிய கல்வித்துறையின் துணை அமைச்சர். 2000ஆம் ஆண்டு இறுதியில் அவர் பிரிட்டோரியா அடங்கிய டுவானே மாநகரத்தின் மேயரானார். 'கான்யா' இல்லம் எரிந்ததும், 1957இல் அந்த அறிக்கை எழுதப்பட்டதும் அந்நகரில்தான்.